வைரவருக்கு நேர்ந்த கடா

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆட்களோடு கதைக்கவும் அவ்வளவாக வராது. ஆடு மாட்டோடு என்றால் நாள் முழுக்கக் கதைப்பேன். அப்படிப்பட்ட என்னை இதை எழுதச் சொல்லி நாலு மாதமாக அரித்தெடுத்தது, மிருக வைத்தியம் படித்துவிட்டு வந்து எங்கள் ஊருக்குக் கிட்ட வேலை பார்க்கிற ஒரு பிள்ளை. இப்போது வீட்டை விட்டுப் போன நாயின் படத்தைத் தொலைபேசியில் போட்டால் பின்னேரத்துக்குள் உடையவர் வந்து நிற்கிறார். "அந்த நாளிலை நீங்கள் என்னண்டு அன்ரி ஆக்களைப் பிடிச்சனீங்கள்?" என்று அவ கேட்டா. நாங்கள் ஆட்களைப் பிடிக்கவில்லை. மிருகத்தைப் பிடித்துக் கட்டிவிட்டு, ஆட்கள் வருமட்டும் காத்துக்கொண்டு இருந்தோம். அப்படி வந்தவர்களில் இரண்டு பேரைப்பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தெற்கில் வேலை பார்த்த கனபேர் ஊருக்குத் திரும்பினார்கள். எங்கள் டொக்குத்தர் ஐயாவும் அப்படி வந்தவர்தான். கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு குடையும். பென்சன் எடுக்கிற வயது கிட்டியிருந்தபடியால் அரசாங்க வேலைக்குத் திரும்பிப் போகாமல், அளவெட்டியில் தாய்வீட்டு முன்னறையில் இருந்து ஆடு மாடு பார்க்கத் தொடங்கினார். நான் அங்கே கூட்டித் துடைக்கப் போனவள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கலியாணம் முடிக்கவில்லை, தங்கச்சி வீட்டில் இருந்தேன். ஒருநாள் கன்று போடமாட்டாமல் ஒரு பசுவைக் கொண்டுவந்தார்கள். ஐயா என் கையைப் பார்த்துவிட்டு, "பூரணம், உங்கடை கை சின்னக் கை. கழுவிப்போட்டு வாங்கோ" என்றார். அன்றைக்குத் துடைப்பத்தை வைத்தவள்தான். மற்றதெல்லாம் ஆறேழு வருசத்தில் தானாகக் கைக்கு வந்தது.

ஐயாவைப்பற்றிச் சொல்லவேண்டும். என்னைப்போல ஆளையும் "நீங்கள்" என்றுதான் சொல்லுவார். மாட்டைப் பார்த்து "என்ன பெரியவர், என்ன செய்யுது?" என்று கேட்பார். மாடு உதைத்தால் "அதுவும் சரிதான்" என்பார். யாராவது பிழை விட்டால் உடனே கேட்கமாட்டார். முதலில் வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவுவார், துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார், அதற்குப் பிறகுதான் "ஏன்?" என்று கேட்பார். அந்தக் கழுவலுக்குள் எங்களுக்கு உயிர் போய் வரும். மெத்தக் கோபம் வந்தால் "நல்லது" என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

தொண்ணூறாம் ஆண்டு, மயிலிட்டிப் பக்கத்துக் கடற்கரைச் சனமும் அதையண்டிய ஊர்ச் சனமும் ஷெல்லடிக்குள் உடுத்த உடுப்போடு எழும்பி வந்தார்கள். பிள்ளையைத் தூக்கினவர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தார்கள். அவிழ்க்க நேரம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள், அதை எழுத எனக்கு விருப்பமில்லை. அவிழ்த்த மிருகங்கள் சனம் போன திசையைப் பிடித்துக்கொண்டு தாங்களாகவே நடந்து வந்தன. தோட்டங்களில் விழுந்தன, அடி வாங்கின. ஐயா பக்கத்துக் காணிக்காரரைக் கேட்டு, பாவிக்காமல் கிடந்த புகையிலைக் குடிலையும் அதைச் சுற்றின பரப்பையும் எடுத்தார். கிளுவை வேலியை இறுக்கி ஒரு படலை போட்டோம். முதல் கிழமை, ஏழு நாளுக்குள்ளேயே, பதினேழு மாடும் இருபதுக்குமேல் ஆடும் வந்துவிட்டன. குழை வெட்டுகிறதும் தண்ணீர் அள்ளுகிறதும் புண் கழுவுகிறதும் என் வேலை.

ஒரு மிருகம் உள்ளே வந்தால் அதற்கு ஒரு முறை இருந்தது. முதல் கழுத்து, பிறகு காது, பிறகு குறி. மாட்டுக்குத் தொடையில் சுட்ட குறி இருக்கும், ஆட்டுக்குக் காதில் வெட்டு இருக்கும். நான் பார்த்துச் சொல்ல, ஐயா கொப்பியில் எழுதுவார். கழுத்தில் கிடக்கிறது மணியோ, பழந்துணியோ, சும்மா ஒரு கயிறோ, எதையும் எறியப்படாது. புண்ணுக்காக வெட்டினாலும் மா வந்த ஒரு தகர ரின்னுக்குள் போட்டுவைக்க வேண்டும். "மிருகத்துக்கு வாய் இல்லை, பூரணம். ஆரோ ஒராள் அதின்ரை கழுத்திலை தன்ரை கதையைக் கட்டி விட்டிருக்கு" என்பார்.

உடையவர் என்று யாராவது வந்தால் உள்ளே விடமாட்டோம். படலைக்கு வெளியே நின்று கூப்பிடச் சொல்லுவோம். ஒருமுறை இரண்டு பேர் ஒரே எருதுக்கு வந்து நின்று, ஆளை மாறி ஆள் கூப்பிட்டார்கள். எருது இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. "உவர் உங்கள் ரெண்டு பேரையும் தெரியாதெண்டு சொல்லுறார்" என்றார் ஐயா. இரண்டு பேரும் ஒரு சைக்கிளில் ஏறி ஒன்றாகவே போனார்கள்!

அந்தக் கடா வந்தது ஆடி மாதம். செவலைக் கடா, நெற்றியில் வெள்ளை, கொம்பு பின்னுக்கு வளைந்து நல்ல வடிவு. கழுத்தில் சதைக்குள் ஏதோ இறுகி, புண் வைத்து, புழு பிடித்திருந்தது. நான் வேப்பெண்ணெயும் கற்பூரமும் விட்டுப் புழுவை எடுத்து, இறுகிக் கிடந்த நூலை வெட்டினேன். சீழும் இரத்தமும் ஊறி நூல் கறுத்துப்போய், புழு நெளிய நெளிய என் கையில் கிடந்தது. ரின்னுக்குள் போட மனம் வரவில்லை. பக்கத்தில் குப்பை எரிந்துகொண்டிருந்தது. அதில் போட்டேன். நெருப்பில் விழுகிறபோது ஒரு முடிச்சுக்குள்ளே கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் வைரவருக்கு ஒரு கடாவை நேர்ந்துவிட்டால் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டுவார்கள். வேள்வியன்றைக்கு அதை வெட்டிப் படைப்பார்கள். நூல் கட்டின கடாவை விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது, குறையில்லாத மிருகமாகவே கொண்டுபோய் நிறுத்தவேண்டும். இது எனக்குத் தெரியாத விசயம் அல்ல. மஞ்சள்தானோ என்று மனம் ஒருக்கால் கேட்டது. போய் ஐயாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, எறியாதே என்றதை எரித்துவிட்டு நிற்கிறேனே என்று. "கழுத்திலை என்ன கிடந்தது?" என்று ஐயா கொப்பியோடு கேட்டார். நான் தலையை ஆட்டினேன், ஒன்றும் இல்லையென்று.

புரட்டாதியில் பட்டிக்குள் கடாக்களின் சண்டை பெரிய கரைச்சலாகப் போய்விட்டது. ஒரு சினை ஆடு இடிபட்டுக் குட்டி கரைந்தது. இரண்டு மாதத்துக்குமேல் யாரும் தேடி வராத, அடையாளம் ஒன்றும் இல்லாத கடாக்களை நலமடிப்போம் என்று ஐயா சொன்னார். அதாவது விதையின் நரம்பைப் பெரிய இடுக்கியால் வெளியிலிருந்தே நசுக்கிவிடுவது. வெட்டு, இரத்தம் இல்லை. மிருகம் பிறகு சண்டை பிடிக்காது, கடாவின் அந்த மணமும் மெல்ல மெல்லப் போய்விடும். செவலையின் முறை வந்தபோது ஐயா இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கொப்பியைப் பார்த்தார். "கழுத்திலை ஒண்டும் இருக்கேல்லைத்தானே?" என்று திரும்பவும் கேட்டார். நான் கடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலமை அவர்கள் வந்தார்கள். ஐயா உடுவிலில் ஒரு பசு கன்று போட அந்தரப்படுகிறது என்று சைக்கிளில் போயிருந்தார். நான் தனியே பூவரசங்குழை முறித்துக்கொண்டு நின்றேன். படலைக்கு வெளியே நாற்பத்தைந்து வயது மதிக்கிற ஒரு அம்மா, கையில் குடை. பின்னால் ஒரு மனிதர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இஞ்சை ஒரு செவலைக் கடா நிக்குதாமே, நெத்தியிலை வெள்ளையோடை?"

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"உவவுக்கு வாய் பேசாதோ அக்கா?" என்றார் அந்த மனிதர்.

"பேசுவன்" என்றேன்.

"அப்ப பேசுமன். ஆர் வேண்டாமெண்டது?"

அங்கே நின்று கூப்பிடுங்கோ என்று சொன்னேன். அந்த அம்மா குடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, "ராசா... பா, பா, பா" என்றா. இரண்டாம் தரம் கூப்பிட இடம் இருக்கவில்லை. செவலை தண்ணீர்த் தொட்டியைப் பாய்ந்து வந்து, முன்னங்கால் இரண்டையும் படலையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்று கத்தினான். நான் படலையைத் திறந்தேன். அவ அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு நிலத்திலே இருந்துவிட்டா. "செத்துப்போனாய் எண்டெல்லோ நினைச்சன். பாத்தியே தம்பு? வைரவர் தன்ரை சாமானைத் தானே காவல் பண்ணி வைச்சிருக்கிறார்."

நான் குனிந்து, முறித்த குழையை அடுக்கத் தொடங்கினேன்.

அவவுடைய பெயர் பாக்கியம். மயிலிட்டிப் பக்கம்தான் சொந்த இடம். இப்போது மல்லாகத்தில் ஒரு தோட்டக் காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தார்கள். ஒரே மகன், பத்தொன்பது வயது. போன வருசம் படகேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனவன். அந்தப் படகு போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்றே தெரியாதாம். அவன் போன அன்றுதான் இந்தக் கடாவை நேர்ந்து நூல் கட்டினாவாம், பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அவன் கைப்பட ஒரு கடிதம் வந்தால் கடாவைக் கொடுக்கிறேன் என்று. போன கிழமை கடிதம் வந்துவிட்டது. அடுத்த நாளே, செவலைக் கடா ஒன்று அளவெட்டியில் நிற்குது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வாற செவ்வாய்க்கிழமை குடுக்கிறம் பிள்ளை. குடுக்காட்டி அவனுக்கு அங்கை என்ன நடக்குமோ எண்டு எனக்குச் சோறு இறங்காது."

இதைச் சொல்லிக்கொண்டே கடாவின் முதுகைத் தடவினவ, கையை மூக்கடியில் கொண்டுபோனா. திரும்பவும் தடவினா, திரும்பவும் மணந்தா.

"தம்பு, இஞ்சை மணந்து பார்."

"என்னத்தை?"

"மணக்கேல்லை."

"குளிப்பாட்டியிருப்பினம்."

"சவுக்காரத்துக்கே வழியில்லாத நாளிலை ஆட்டைக் குளிப்பாட்டுவினமோ? கடா மணம் குளிச்சுப் போற மணமோ?" அவ என்னைப் பார்த்தா. "ஏன் பிள்ளை மணக்கேல்லை?"

நலமடிக்கிறது என்ற சொல்லை ஐயாவோடு வேலை செய்கிற நேரம் நாளுக்குப் பத்துத்தரம் சொல்லுவேன். முன்பின் தெரியாத ஆம்பிளை ஒருவருக்கு முன்னால் நாக்கு எழும்பவில்லை. கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, "ஐயா வருவார்" என்றேன்.

"ஐயா வரட்டும். நீர் சொல்லுமன்" என்ற தம்பு, நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுக் கடாவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"அக்கா, இவனை நலமடிச்சுப்போட்டாங்கள்."

பாக்கியம் அக்கா கத்தவில்லை. கடாவின் கழுத்தில் கையைக் கொடுத்துத் தேடினா. புண் ஆறின தழும்பில் விரல் நின்றது. "கழுத்திலை நூல் கிடந்ததே. மஞ்சள் நூல். என்ரை கையாலை கட்டினனான். கிடக்கேல்லையோ?"

கொப்பியில் ஒன்றும் இல்லை என்றுதான் எழுதியிருந்தது. நூல் சாம்பலாகி ஆறு மாதம். கிடக்கவில்லை என்று நான் சொல்லியிருந்தால் கேட்க ஒரு சீவன் இல்லை. அவவும் வழியில் அறுந்து விழுந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டு போயிருப்பா.

"கிடந்தது" என்றேன்.

"அப்ப?"

"புழு பிடிச்சுக் கிடந்தது. வெட்டி எரிச்சுப்போட்டன். மஞ்சளெண்டு கண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அந்நிய ஆட்களோடு நான் கதைத்தது அதுதான் முதல்தரம்.

தம்பு சைக்கிளை வேலியில் சாத்தினார். "நல்ல கதை. நலமடிச்சுப்போட்டு, நலமாப் பாத்தனாங்கள் எண்டும் சொல்லுங்கோவன். உங்களை ஆர் கேட்டது? காப்பாத்துறம், காப்பாத்துறம் எண்டு ஊரார் வீட்டுச் சாமானிலை கை வைக்கிறதோ?" பேசிக்கொண்டே பட்டிக்குள் பார்த்தார். மூலையில் ஒரு கறுத்தக் கடா நின்றது. வந்து பத்து நாள்தான். காதில் இரண்டு வெட்டு, யாருடையது என்று தெரியாது. "சரி. அங்கை நிக்கிறதைத் தாருங்கோ. கடாவுக்குக் கடா."

"அது ஆற்றையோ."

"இதுவும் ஆற்றையோதானே. இதிலை கை வைக்கேக்கை உமக்குத் தெரியேல்லையே?"

அவர் உள்ளே வர எடுத்த காலுக்கு நேரே போய்ப் படலையைச் சாத்திக்கொண்டு, முதுகைக் கொடுத்து நின்றேன். "ஒரு பிழை விட்டிட்டன். இன்னொண்டு விடமாட்டன்" என்றேன். பாக்கியம் அக்காதான், "விடடா. உவ தரமாட்டா" என்றா.

அப்படி நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்க, ஐயா வந்து சைக்கிளால் இறங்கினார். எல்லாரையும் பார்த்தார். வாளியை எடுத்துக் கை கழுவத் தொடங்கினார். அவர் துவாயை எடுக்க முதலே நான் நூல் எரித்த கதையைச் சொல்லி முடித்துவிட்டேன், அந்த இரண்டு பேருக்கும் முன்னால்.

"நல்லது" என்றார்.

பிறகு அவர்களைப் பார்த்து, "தங்கச்சி, இடுக்கி பிடிச்சது நான். பிழையை என்னிலை வைச்சுக் கொள்ளுங்கோ. வேறை ஒரு கடா உங்களுக்கு நான் தேடித் தாறன்" என்றார்.

"வேறை கடாவை நான் நேரேல்லை டொக்குத்தர். இவனைத்தான் நேர்ந்தனான்" என்றா பாக்கியம் அக்கா. "உங்களிலை எனக்குக் கோவமில்லை. ஆனால் நான் வைரவருக்கு என்னத்தைச் சொல்லுறது? அங்கை கிடக்கிறது என்ரை பிள்ளையெல்லோ?"

அப்போது நான்தான் சொன்னேன், "நான் வந்து சொல்லுறன்" என்று.

செவ்வாய்க்கிழமை நான் மல்லாகத்துக்கு நடந்து போனேன். ஊரிலிருந்து எழும்பி வரும்போது அவர்கள் வைரவர் சூலத்தைப் பிடுங்கி, சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, தோட்டக் காணியில் ஒரு இலுப்பைக்குக் கீழே நட்டிருந்தார்கள். கொட்டில்களில் இருந்த சனம் எல்லாம் வந்து நின்றது. பார்க்கத்தான் வந்தார்கள், ஆட்டை நலமடித்த பெண்பிள்ளை எப்படி இருப்பாள் என்று. செவலை ஒரு ஓரத்தில் கட்டுண்டு பலா இலை தின்றுகொண்டு நின்றான். பூசாரி வயதானவர். "பிள்ளை, சொல்லுறதை உரத்துச் சொல்லு. அவருக்குக் காது கேக்கும், எங்களுக்கும் கேக்கவேணும்" என்றார்.

சூலத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்ல எழுப்பினால் அழுகிறவள் நான். "வைரவரே, உம்மடை நூலை எரிச்சது நான். தெரிஞ்சும் வாய் திறக்காமல் நிண்டதும் நான். இந்த அம்மா சொன்ன சொல்லு மாறேல்லை. அந்தப் பிள்ளையைப் பிடியாதையும். பிடிக்கிறதெண்டால் என்னைப் பிடியும்" என்றேன். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை, அதனால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

பூசாரி ஒரு நீற்றுப்பூசணிக்காயைக் குங்குமம் பூசிச் சூலத்துக்கு முன்னால் வெட்டினார். கடாவை அவிழ்த்து, "இது இனி ஆற்றையும் கடன் இல்லை. திண்டு கிடக்கட்டும்" என்றார். பாக்கியம் அக்கா கயிற்றை வாங்கினா. என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. தம்புதான், "இவ்வளவு தூரம் எப்பிடித் தனிய நடந்து போவியள்? சைக்கிளிலை இருங்கோ" என்று சந்தி வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தடிமன் வந்தாலும் பயம். காய்ச்சல் காய்ந்தால் சரி, பிடித்துவிட்டார் என்று நினைப்பேன். என்னைப் பிடித்தால் காரியமில்லை, அந்தப் பிள்ளைக்கு என்னவோ என்றுதான் நெஞ்சு கிடந்து அடிக்கும். சித்திரை மாதம், பட்டிப் படலையில் குடையோடு பாக்கியம் அக்கா நின்றா.

"கடிதம் வந்தது. சுகமாம்."

அவ்வளவுதான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றேன். வேண்டாம் என்று திரும்பி நடந்தா. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் வந்தா. இரண்டு மாதத்துக்கு ஒருக்கால், சிலவேளை ஐந்து மாதத்துக்கு ஒருக்கால். படலையைத் தாண்டி ஒருநாளும் உள்ளே வரவில்லை, தேத்தண்ணி குடிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒருமுறை கடா எப்படி என்று கேட்டேன். "அவருக்கென்ன? திண்டு திண்டு மாடு மாதிரி நிக்கிறார். வேலியிலை குழை மிஞ்சேல்லை" என்றா. அது ஒன்றுதான் எங்களுக்குள் நடந்த நீளமான கதை. அவ போனதும் ஐயா உள்ளேயிருந்து, "பிள்ளை இருக்கிறானாமோ?" என்பார். "ஓம் ஐயா" என்பேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வாளி பாரம் தெரியாது.

நான் மெல்ல மெல்ல ஆட்களோடு கதைக்கப் பழகினது அந்த வருசங்களில்தான். பட்டிக்குக் கோபத்தோடு வருகிறவர்களை ஐயா என்னிடம் அனுப்பத் தொடங்கினார். "பூரணத்தோடை கதையுங்கோ, அவ உள்ளதைச் சொல்லுவா" என்பார். அது அவர் எனக்குத் தந்த சேட்டிபிக்கற். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமச் சனம் முழுக்க எழும்பினபோது பட்டியையும் விட்டு எழும்பினோம். பாக்கியம் அக்காவை அதற்குப் பிறகு நான் காணவில்லை. எழும்புவதற்கு ஒரு மாதம் முந்தி அவ கடைசியாக வந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அந்த வருசம் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்ததுதான், அதற்குப் பிறகு ஏழு மாதம் அவ வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் ஒழுங்கையைப் பார்ப்பேன், ஐயாவும் கேட்பதை விட்டுவிட்டார். ஒரு மத்தியானம் நல்ல வெயிலுக்குள் குடையோடு வந்து படலையில் நின்றா. நான் ஓடிப்போனேன்.

"கடிதம் வரேல்லை" என்றா.

நான் படலையைத் திறந்தேன்.

"தபால் கொண்டுவாற கப்பல் வரேல்லையாம். ஒருத்தருக்கும் தபால் இல்லை. தபால் கந்தோரிலையும் கேட்டு, ஊர் விதானையாரையும் கேட்டுப்போட்டுத்தான் வாறன்." குடையை மற்றத் தோளுக்கு மாற்றினா. "நீர் அதை உம்மடை தலையிலை போட்டுக்கொண்டு கிடந்து யோசியாதையும். அதைச் சொல்லத்தான் வந்தனான்."